இடைநிலை மைக்ரோ: லக்ராஞ்சியனைத் தூக்கும் முன் படம் போடுங்கள்

சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எச்2 பொருளியலில் ஏ வாங்கியவர்கள்கூட, பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டு மைக்ரோவில், அதாவது நுண்பொருளியலில், தடுமாறுவது உண்டு. தொடக்கக் கல்லூரியில் தேவைக் கோடு தயாராகக் கிடைக்கும். அதை நகர்த்தி, காரணத்தை விளக்கினால் போதும். பல்கலைக்கழகத்தில் அந்தக் கோட்டையே நீங்கள்தான் வருவிக்க வேண்டும். ஒருவரின் விருப்பமும் வருமானமும் விலையும் கையில் இருக்கும். அவர் எதை எவ்வளவு வாங்குவார் என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கட்டுரை எழுதும் திறமை பாதி வழிக்குக்கூடத் துணை வராது.

கணக்கு பயமுறுத்துகிறது என்பார்கள். உண்மையில் தேவைப்படுவது கொஞ்சம்தான்: பகுதி வகையீடு, சங்கிலி விதி, மடக்கை, அடுக்கு விதிகள். எச்2 கணிதத்தில் பகுதி வகையீடு கிடையாது, அதைப் புதிதாகப் பழக வேண்டும். ஆனால் தேர்வில் மதிப்பெண்ணைப் பறிப்பது பெரும்பாலும் அடுக்குகளைச் சுருக்கும்போது நடக்கும் சில்லறைப் பிழை. முதல் இரண்டு வாரங்களிலேயே இதைச் சரிசெய்துவிடுங்கள். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு நேரம் இருக்காது.

அடுத்த வியாதி, எந்தப் பயன் சார்பைக் (எதை எவ்வளவு வாங்கினால் எவ்வளவு திருப்தி என்று சொல்லும் சமன்பாட்டை) கண்டாலும் உடனே லக்ராஞ்சியன் (வருமான வரம்புக்குள் உச்சப் பயனைத் தேடும் வகையீட்டு முறை) எழுதுவது. காப்-டக்ளஸ் (அளவுகளைப் பெருக்கும் வடிவம்) என்றால் சரி, விடை வந்துவிடும். த, ப என்று இரண்டு பொருள்; பயன் = 2த + ப என்று இருந்து, த-வின் விலை 3 வெள்ளி, ப-வின் விலை 1 வெள்ளி என்றால்? சமநோக்குக் கோடே (ஒரே பயன் தரும் கூடைகளை இணைப்பது) நேர்கோடு; வருமானம் முழுவதும் செலவாகும் செலவுக் கோட்டை அது தொட்டு நிற்கும் தொடுநிலை என்று ஒன்று இல்லை. ஒரு வெள்ளிக்கு எது அதிகப் பயன் தருகிறது என்று பாருங்கள்: த-வில் 2/3, ப-வில் 1. பணம் முழுவதும் ப-வுக்குப் போகும். பயன் = த² + ப² என்றால் இன்னும் மோசம். வகையிட்டுப் பூச்சியமாக்கிக் கிடைக்கும் புள்ளி, செலவுக் கோட்டிலேயே மிகக் குறைந்த பயன் தரும் புள்ளி. பயன் = 4√த + ப, இரண்டுக்கும் விலை 1 வெள்ளி, வருமானம் 3 வெள்ளி என்று ஒரு கேள்வி வரும். தொடுநிலை த = 4 என்கிறது, அப்படியானால் ப = −1. எதிர்மறை அளவை யாரும் வாங்க முடியாது; விடை த = 3, ப = 0. ஆக, முதலில் இரண்டு சமநோக்குக் கோடுகளையும் செலவுக் கோட்டையும் தாளில் வரையுங்கள், வடிவத்தைப் பார்த்த பிறகு வகையிடுங்கள். அரை நிமிட வேலை.

பாடத்தின் இதயம் விலை மாற்றத்தைப் பதிலீட்டு விளைவு (விலை ஏறியதை விட்டு மற்றதற்கு மாறுவது), வருமான விளைவு (வாங்கும் சக்தி மாறுவது) என்று பிரிப்பது. இதை ஒருமுறை எண்களோடு முழுசாகப் போட்டுவிட்டால் பாதிப் பாடம் கைவசம். மாதச் செலவுக்கு 120 வெள்ளி; தேநீரும் பரோட்டாவும் தலா 1 வெள்ளி; பயன் = த × ப. தேநீர் 4 வெள்ளிக்கு ஏறுகிறது. (எந்தக் காப்பிக்கடையும் இப்படி ஏற்றாது, எண்கள் முழுசாக வரட்டும் என்றுதான்.) இந்தச் சார்பில் பாதிப் பணம் தேநீருக்கு, பாதி பரோட்டாவுக்கு. எனவே முன்பு 60 கோப்பை, இப்போது 15. மொத்தக் குறைவு 45.

இந்த 45-ஐப் பிரிக்க இரண்டு முறை உண்டு. ஹிக்ஸ் முறையில் பழைய பயனான 60 × 60 = 3600-ஐப் புதிய விலையில் ஆகக் குறைந்த செலவில் எட்ட வேண்டும். தொடுநிலையில் ப = 4த, ஆக 4த² = 3600, த = 30, ப = 120. பதிலீட்டு விளைவு 30, மிச்சம் 15 வருமான விளைவு. ஸ்லட்ஸ்கி முறையில் பழைய கூடையையே வாங்கும் அளவுக்குப் பணம் கொடுக்கிறோம்: 4×60 + 60 = 300 வெள்ளி. அதில் பாதி 150, நான்கால் வகுத்தால் 37.5 கோப்பை. இப்போது இரண்டு விளைவும் தலா 22.5. இரு முறையிலும் கூட்டுத்தொகை 45-தான். வராவிட்டால் எங்கோ பிழை. உங்கள் விரிவுரையாளர் எந்த முறையைச் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒரே விடையில் கலந்தால் மதிப்பெண் போச்சு.

இதே எண்களில் இன்னொன்றும் கிடைக்கிறது. பழைய பயனுக்கு இப்போது 240 வெள்ளி வேண்டும், ஆக ஈட்டு மாற்றம் (பழைய பயனுக்குத் திரும்பத் தேவைப்படும் கூடுதல் பணம்) 120. புதிய பயன் 15 × 60 = 900; அதைப் பழைய விலையில் 60 வெள்ளியில் எட்டலாம், ஆக சமான மாற்றம் (பழைய விலையிலேயே அதே இழப்பைத் தரும் வருமானக் குறைவு) 120 − 60 = 60. தேவைக் கோட்டுக்கு இடப்பக்கப் பரப்பில் இழந்த நுகர்வோர் உபரி (கொடுக்கத் தயாராக இருந்ததற்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம்) ஏறத்தாழ 83, இரண்டுக்கும் நடுவில். வருமானம் கூடினால் தேநீரும் கூடும் என்பதால்தான் இந்த வரிசை. இதை மனப்பாடம் செய்யாதீர்கள், எதை எந்த விலையில் அளக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளூர் உதாரணம் கேட்டால் பலர் பொருள் சேவை வரியைப் பிடித்துக்கொண்டு, 'விலை ஏறியது, மக்கள் வேறு பொருளுக்கு மாறுவார்கள்' என்று எழுதுகிறார்கள். 2024-இல் வரி 8-லிருந்து 9 விழுக்காடானபோது வரிக்குட்பட்ட எல்லாப் பொருளும் ஒரே விகிதத்தில் ஏறின (வரி முழுவதும் விலையில் ஏறியது என்று வைத்துக்கொண்டால்). தேநீருக்கும் பரோட்டாவுக்கும் இடையிலான விலை விகிதம் மாறவில்லை. செலவுக் கோடு இணையாக உள்ளே வந்தது, அவ்வளவுதான். பதிலீடு தேடினால் வரி விலக்குள்ள குடியிருப்பு வாடகை பக்கமோ, வேலைக்கும் ஓய்வுக்கும் இடையிலோ தேடுங்கள். சிடிசி பற்றுச்சீட்டு (சமூக மேம்பாட்டு மன்றங்கள் குடும்பங்களுக்குத் தருவது) இன்னும் நல்ல பயிற்சி. அதில் ஒரு பாதி உணவங்காடிகளுக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும், மறுபாதி பேரங்காடிகளுக்கும். அந்தத் தொகைக்கு மேல் ஏற்கெனவே அங்கே செலவழிக்கும் குடும்பத்துக்கு அது ரொக்கத்துக்குச் சமம். குறைவாகச் செலவழிப்பவருக்குக் கோடு முறியும் முனையில் விடை நிற்கலாம்.

நிறுவனப் பகுதி, நுகர்வோர் பகுதியின் மறுபதிப்பு: சமநோக்குக் கோட்டின் இடத்தில் சம உற்பத்திக் கோடு (ஒரே உற்பத்தி தரும் உள்ளீடுகளை இணைப்பது). அதில் அதிக நேரம் போட வேண்டாம். குர்னோவில் (நிறுவனங்கள் உற்பத்தி அளவை வைத்துப் போட்டியிடும் மாதிரி) நிதானியுங்கள். விலை = 120 − மொத்த அளவு, செலவு பூச்சியம், இரண்டு நிறுவனங்கள். மற்றவரின் அளவை மாறாததாக வைத்து வகையிட்டு, அதன் பிறகே இரண்டும் சமம் என்று போட்டால் ஆளுக்கு 40. சமம் என்று முதலிலேயே போட்டுவிட்டு வகையிட்டால் 30 வரும். அது கூட்டுச்சதியின் விடை! ஆளுக்கு 30 என்றால் மொத்தம் 60, ஏகபோக அளவு.

தேசியப் பல்கலைக்கழகப் பருவத்தில் 13 வாரம்; ஆறாம் வாரம் முடிந்ததும் இடைவெளி வாரம். அதற்குள் ஸ்லட்ஸ்கி வரை முடித்துவிட வேண்டும். டியூட்டோரியல் கேள்விகளை வகுப்புக்கு முன்பே வெற்றுத் தாளில் போடுங்கள். மாட்டிக்கொண்டால் 20 நிமிடம் போராடுங்கள், பிறகு விடையில் ஒரு வரி மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். அதே கேள்வியை நான்கு நாள் கழித்து, எண்களை மாற்றி, மறுபடி. விடைத்தாளை வாசித்துத் தலையாட்டுவது படிப்பு ஆகாது. தேர்வில் விடை எழுதியதும் செலவுக் கோட்டில் பொருத்திப் பாருங்கள், அளவுகள் எதிர்மறையாக இல்லையே என்று பாருங்கள், விலைகளையும் வருமானத்தையும் இரட்டித்தால் தேவை மாறாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். மாறினால் இயற்கணிதம் எங்கோ சறுக்கியிருக்கிறது.