ஒரு செமஸ்டர் பெர்லின்ல: கிளாஸையும் ராத்திரி ஆட்டத்தையும் ஒண்ணா ஓட்டுறது எப்படி

கேரளா பக்கம் வேலந்தாவளத்துல இருந்து தினமும் பஸ் புடிச்சு செக்போஸ்ட் தாண்டி கோயமுத்தூர்ல காலேஜ் படிச்ச ஆளு நான். வீட்ல தமிழ், ஸ்கூல்ல மலையாளம், காலேஜ்ல இங்கிலீஷ், இதுல ஜெர்மன் ஒண்ணு சேர்ந்தா என்னன்னு எக்ஸ்சேஞ்சுக்கு தைரியமா கிளம்பிட்டேன். மொழி என்னைக் கவுக்கல, ஒரு பட்டன்தான் கவுத்துச்சு. அது மூணாவது ஸ்டெப்ல வருது, வேற எதைத் தாண்டிப் போனாலும் அதைத் தாண்டாதீங்க. விசா, பிளாக்டு அக்கவுண்ட் (செலவுக் காசை முன்னாடியே போட்டு வைக்கிற கணக்கு), இன்சூரன்ஸ் எல்லாம் முடிச்சிருப்பீங்கன்னு வச்சுக்கிறேன், அதைச் சொல்லித்தர யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க.

ஸ்டெப் 1: டைம் டேபிள்

வின்டர் செமஸ்டர் பேப்பர்ல அக்டோபர் 1, ஆனா கிளாஸ் தொடங்குறது அக்டோபர் பாதியில. முழு செமஸ்டர்னா 30 ஈசிடிஎஸ் (ஐரோப்பா முழுக்க செல்லுற பாயின்ட் கணக்கு) கிரெடிட். எத்தனை கிரெடிட்டை நம்ம காலேஜ் ஏத்துக்கும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிருங்க, வாய்ல சொன்னது செல்லாது. இங்க டைம் டேபிளை யாரும் போட்டுத் தர மாட்டாங்க, நாமதான் கோர்ஸ் பொறுக்கிப் போட்டுக்கணும். என் யோசனை, வெள்ளிக்கிழமை காலை 8 மணி கிளாஸ் மட்டும் எடுக்காதீங்க, வியாழக்கிழமை ராத்திரி என்ன நடக்கும்னு உங்களுக்கு இப்போ தெரியாது.

கோர்ஸ் நேரத்துல '10 சி.டி.'ன்னு போட்டிருந்தா கிளாஸ் 10:15க்கு. 'எஸ்.டி.'ன்னு இருந்தா சரியா 10. இது தெரியாம முதல் நாள் 9:50க்கே போய் காலி ஹால்ல கால் மணி நேரம், ரூம் மாறி வந்துட்டேனோன்னு கதவு நம்பரை நாலு தடவை பார்த்தேன். அப்புறம் கிளாஸ் முடிஞ்சதும் எல்லாரும் டெஸ்க்கை டொக்கு டொக்குன்னு தட்டுறாங்க. நம்ம ஊர்ல அப்படித் தட்டினா வாத்தியாருக்கு 'போதும் நிறுத்துங்க'ன்னு அர்த்தம், அங்க அதுதான் கைதட்டல்.

ஸ்டெப் 2: கேலண்டர்

கூகுள் கேலண்டர் போதும். நோஷன் ஆப்ல டேஷ்போர்டு கட்டுறேன்னு உட்கார்ந்தவங்க எல்லாம் டேஷ்போர்டு மட்டும்தான் கட்டினாங்க.

ஸ்டெப் 3: எக்ஸாமுக்குத் தனியா பதிவு பண்ணணும்

நம்ம காலேஜ்ல ஃபீஸ் கட்டி 75 சதவீதம் அட்டென்டன்ஸ் வச்சிருந்தா ஹால் டிக்கெட் தானா வந்துரும். நானும் அதே நினைப்புல மூடில்ல (யூனிவர்சிட்டியோட ஆன்லைன் கிளாஸ் தளம்) கோர்ஸ்ல சேர்ந்தாச்சு, முன் பெஞ்சுல உட்கார்ந்தாச்சு, வாரா வாரம் அசைன்மென்ட் போட்டாச்சு, இனி பரீட்சை எழுத வேண்டியதுதான்னு இருந்தேன். மூடில்ல சேர்றது வெறும் நோட்ஸ் எடுக்கத்தான். எக்ஸாமுக்கு வேற ஒரு போர்ட்டல்ல, அவங்க குறிச்ச தேதிக்குள்ள, ஒவ்வொரு பேப்பருக்கும் தனித்தனியா பதிவு பட்டனை அமுக்கணும்.

அதைச் சொல்ற மெயில் ஜெர்மன்ல வந்துச்சு. நான் ஞாயித்துக்கிழமை காலைல கிளப்ல இருந்து வந்து படுத்துக்கிட்டே பார்த்தேன், சாயங்காலம் மொழிபெயர்த்துப் படிக்கலாம்னு ஸ்டார் போட்டு வச்சேன். ஸ்டார் இன்னும் இருக்கு. கூடப் படிக்கிற பொண்ணு ஜனவரில 'பதிவு பண்ணிட்டியா'ன்னு கேட்டப்போ தேதி முடிஞ்சு ரெண்டு நாள். எக்ஸாம் ஆபீசுக்கு ஓடினேன், ரொம்ப மரியாதையா முடியாதுன்னாங்க. ரெண்டாவது தேதி இருக்கே, அதுல எழுதுங்கன்னாங்க, அது மார்ச் கடைசி, என் ஃப்ளைட் பிப்ரவரி கடைசி. 6 கிரெடிட் போச்சு. ஊருக்கு வந்து அதே பேப்பரை ஜூனியர் பசங்களோட உட்கார்ந்து எழுதினேன்.

அதனால முதல் வாரமே ஒவ்வொரு வாத்தியார்கிட்டயும் மூணு கேளுங்க: பதிவு எந்தத் தேதி, போர்ட்டலா பேப்பர் ஃபாரமா (எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடன்ட்டுக்கு சில இடத்துல கையெழுத்து வாங்குற ஃபாரம்தான்), ரெண்டாவது எக்ஸாம் எப்போ. அதுக்கப்புறம் ரிட்டர்ன் டிக்கெட் போடுங்க.

ஸ்டெப் 4: ராத்திரி

எங்க பாலக்காட்டு சித்தூர் பக்கம் ராத்திரி ஆட்டம்னா திருவிழாதான், கள்ளுக்கடை கூட சீக்கிரமே மூடிருவாங்க. பெர்லின்ல ராத்திரி 12 மணிக்கு கிளப்புக்குப் போனா சீக்கிரம் வந்துட்டோம்னு அர்த்தம். முதல்ல யாராவது ஒருத்தர் ஃபிளாட்டுல கூடுவாங்க, பத்து மணிக்கு மேல சத்தம் போட்டா பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், அதனால மெதுவா.

கிளப் வாசல்ல எட்டு பேர் கும்பலா போய் நிக்காதீங்க, ரெண்டு மூணு பேரா பிரிஞ்சு போங்க. கைல காசு வச்சுக்கங்க, கார்டு வாங்காத இடம் நிறைய. பல இடத்துல போன் கேமராமேல ஸ்டிக்கர் ஒட்டிருவாங்க, உரிக்கக் கூடாது. காதுக்குப் பஞ்சு எடுத்துட்டுப் போங்க, சிரிச்சா சிரிக்கட்டும். நான் குடிக்கிறதில்ல, ஒரு கிளப் மாட்டே பாட்டில் போதும், டீ மாதிரி ஒரு சோடா, அதுல இருக்கிற கஃபீன்ல காலை வரைக்கும் நிக்கலாம்.

வெள்ளி, சனி ராத்திரி ஊபான் (மெட்ரோ ரயில்) விடிய விடிய ஓடும். மத்த நாள் ராத்திரி ஒரு மணிக்கு மேல நின்னுரும், அப்போ யூ8 ரயிலுக்குப் பதிலா என்8 பஸ், நம்பரை அப்படியே மாத்திக்கிட்டா போதும். டிக்கெட் இல்லாம மாட்டினா 60 யூரோ. ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் மூடிருக்கும், அரிசியும் முட்டையும் சனிக்கிழமையே வாங்கி வச்சுட்டுப் போங்க, நான் ஒரு ஞாயிறு முழுக்க வெறும் ஊறுகாயும் பிரெட்டும் தின்னேன்.

அப்டேட்: எக்ஸாமுக்குப் பதிவு பண்ணிட்டு எழுதப் போகலைன்னா என்னன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. பல இடத்துல 5.0 கிரேடு போட்டுருவாங்க, அதாவது ஃபெயில், கேன்சல் பண்ணவும் தனியா ஒரு தேதி இருக்கு. அங்க 1.0தான் டாப், எங்கம்மா என் 1.7ஐப் பார்த்துட்டு ஒரு வாரம் சரியா பேசல.

இன்னொரு அப்டேட்: வீட்டுக்குப் போன் பண்ற நேரம். அக்டோபர் கடைசி ஞாயிறு விடியக்காலை அங்க கடிகாரத்தை 3 மணில இருந்து 2க்குத் திருப்பிருவாங்க, அதுவரைக்கும் நமக்கும் அவங்களுக்கும் மூணரை மணி நேரம், அப்புறம் நாலரை. நான் ராத்திரி ஒரு மணிக்கு பஸ் ஸ்டாப்ல நிக்கிறப்போ அம்மா அஞ்சரைக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாட்ஸ்அப்பைத் திறக்கும். 'இன்னும் தூங்கலையா கண்ணு'ன்னு வரும். ஆன்லைன் காட்டுறதை மட்டும் ஆஃப் பண்ணி வச்சிருங்க.