ரெட் ஹாட் 9-க்கு மாறியதும் பழைய கருவிகள் வேலை செய்யவில்லையா?

ரெட் ஹாட் 9, அல்மா 9, ராக்கி 9 ஆகிய லினக்ஸ் பதிப்புகளுக்கு மாறியதும் பழைய ரவுட்டருக்கு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் இணைப்பு) போகவில்லை, பழைய ஆர்பிஎம் (மென்பொருள் தொகுப்பு) கையொப்பத்தை ஏற்கவில்லை என்றால், சர்வரின் குறியாக்கக் கொள்கையையே 'லெகசி'க்கு (பழைய, பலவீனமான முறைகளையும் ஏற்கும் கொள்கைக்கு) தள்ளிவிடாதீர்கள். ரூட் பயனராக இந்த ஒரு கட்டளை போதும்:

அப்டேட்-கிரிப்டோ-பாலிசீஸ் --செட் டிஃபால்ட்:எஸ்எச்ஏ1

(டெர்மினலில் ஆங்கில எழுத்தில்; கடைசி இரண்டு சொற்களும் பெரிய எழுத்தில்.) பிறகு ரீபூட். ஏற்கெனவே ஓடும் சேவைகள் பழைய கொள்கையையே பிடித்துக்கொண்டிருக்கும். 'கட்டளை கொடுத்தும் சரியாகவில்லை' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இந்தப் பதிப்பில், எஸ்எச்ஏ-1 என்ற பழைய ஹாஷ் முறையில் போட்ட கையொப்பத்தை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகமே மறுக்கிறது. அதனால் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் எஸ்எச்ஏ-1-ஐப் பயன்படுத்தும் 'எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ'வை மட்டும் சேர்த்தால், 'எரர் இன் லிப்கிரிப்டோ' என்று வந்து நிற்கும். மேலே கட்டளையில் சேர்த்த 'எஸ்எச்ஏ1' என்ற துணைக்கொள்கை எஸ்எச்ஏ-1-ஐ மட்டும் திறக்கிறது, மற்ற கட்டுப்பாடுகள் அப்படியே இருக்கும். ஆனால் அது சர்வர் முழுவதற்கும் பொருந்தும் என்பதால், இணையத்தை நேரடியாகப் பார்க்கும் சர்வரில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எதிர்முனை டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கும் நெறிமுறை) 1.0 அல்லது 1.1 மட்டும் பேசினாலோ, ஆர்எஸ்ஏ சாவி 1024 பிட் என்றாலோ இது உதவாது; அங்கே 'லெகசி'யும் கைகொடுக்காது, எதிர்முனையைத்தான் புதுப்பிக்க வேண்டும். ஃபிப்ஸ் (அமெரிக்க அரசின் குறியாக்கத் தரம்) முறையில் ஓடும் சர்வரில் கொள்கையைத் தொடவே வேண்டாம். ஆடிட் பதிவில் 'டினைட்' என்று தெரிந்தால் அது எஸ்ஈலினக்ஸ் என்ற அணுகல் கட்டுப்பாட்டு அமைப்பு தடுப்பது, இதற்குச் சம்பந்தமில்லை.

பழைய கருவியை மாற்றியதும் அதே கட்டளையை வெறும் 'டிஃபால்ட்' என்று கொடுத்து மீண்டும் ரீபூட் செய்யுங்கள்.