மொஸ்பெட் திரும்பத் திரும்ப எரிகிறதா? 48 வோல்ற் மோட்டர் ட்ரைவரைச் சோதிக்கும் முறை

எரிந்த மொஸ்பெட்டை (மோட்டருக்கான மின்னை வேகமாகத் திறந்து மூடும் மின்னணு ஆளி) கழற்றிப் புதியதைப் பூட்டி உடனே 48 வோல்ற் கொடுத்தால் அதுவும் எரியும். முதலாவதை எரித்த பழுது சுற்றில் அப்படியே கிடக்கிறது. பெரும்பாலும் கேற்றிலோ (மொஸ்பெட்டைத் திறந்து மூடும் கால்) மோட்டருக்குக் குறுக்கே உள்ள டயோட்டிலோதான். இங்கே சொல்வது மின்வண்டியின் பிரஷ் உள்ள டிசி மோட்டரை, நெகற்றிவ் பக்கத்தில் ஐஆர்எஃப்பி 4110 மொஸ்பெட்டுகளைச் சமாந்தரமாகப் போட்டு ஓட்டும் சுற்றுக்கு.

பற்றரியைக் கழற்றியதும் கொள்ளளவியை 1 கிலோஓம், 5 வாற் தடையியால் இறக்குங்கள். 2200 மைக்ரோஃபரட் என்றால் 15 செக்கனாவது பிடிக்க வேண்டும். மோட்டரையும் கழற்றிவிட்டு மீற்றரை டயோட் நிலையில் வையுங்கள். சிவப்பு முனை சோர்ஸில், கறுப்பு ட்ரெயினில் (மின்னோட்டம் போகும் மற்ற இரு கால்கள்): 0.4 முதல் 0.6 வோல்ற் வரை காட்டினால் சரி. இரு பக்கமும் பூச்சியத்தை ஒட்டி நின்றால் மொஸ்பெட் ஷோர்ட். சமாந்தரமாக இருப்பதால் எது போனதென்று கழற்றித்தான் அறியலாம். ஒன்று போயிருந்தால் எல்லாவற்றையும் மாற்றுவதே நல்லது, மற்றவையும் அடி வாங்கியிருக்கும். கேற் ட்ரைவர் ஐசியையும் (கேற்றை இயக்கும் சிப்) சந்தேகியுங்கள்; ட்ரெயினும் கேற்றும் ஒட்டினால் 48 வோல்ற் நேரே அதற்குள் போகும்.

புதியவற்றைப் பூட்டியபின் 12 வோல்ற் பற்றரியோடு, பொசிற்றிவ் வயரில் 21 வாற் மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணையுங்கள். மோட்டரின் இடத்தில் இன்னொரு குமிழ். ட்ரைவர் ஐசிக்கான 12 வோல்ற்றை முதல் குமிழுக்கு முன்னாலேயே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தாழ்ந்து அளவுகள் ஏமாற்றும். த்ரொட்டிலை (வேகம் கூட்டும் பிடி) தொடாமலே குமிழ் ஒளிர்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள். முழு த்ரொட்டிலில் கேற்றுக்கும் சோர்ஸுக்கும் இடையே 10 முதல் 12 வோல்ற் வேண்டும். 6 வோல்ற்றுதான் வருகிறதென்றால் மொஸ்பெட் அரைகுறையாகத் திறந்து சூடேறியே சாகும். (பாதி த்ரொட்டிலில் கேற் வேகமாகத் திறந்து மூடுவதால் மீற்றர் 6 காட்டுவது சராசரி, பழுதல்ல.)

த்ரொட்டிலை விடும் நேரத்தில் எரிகிறதா? மோட்டருக்குக் குறுக்கே உள்ள டயோட் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது கொள்ளளவி தூரத்தில் இருக்கிறது. 100 வோல்ற் கொள்ளளவியை மொஸ்பெட்டுக்குச் சில சென்ரிமீற்றருக்குள் வைத்து, பற்றரி வயர்கள் இரண்டையும் முறுக்கிவிடுங்கள்.

ஹோல் த்ரொட்டிலின் (காந்த உணரி உள்ள த்ரொட்டில்) கிரவுண்ட் வயர் அறுந்தால் சிக்னல் 5 வோல்ற்றை நோக்கி ஏறி வண்டி முழு வேகத்தில் பாயும். 4.5 வோல்ற்றுக்கு மேல் வந்தால் மோட்டரை நிறுத்தும்படி ட்ரைவரின் நிரலில் எழுதுங்கள். இதை ஒருபோதும் விடவேண்டாம்.

பிறகு சக்கரத்தைத் தூக்கி வைத்து, 10 அம்பியர் பியூஸோடு 48 வோல்ற். சாதாரண கார் பிளேட் பியூஸ் 32 வோல்ற்றுக்கானது, இதற்குப் போடாதீர்கள்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஓடும் வண்டி என்றால் உப்புக்காற்று போர்டில் படிந்து ஈரத்தில் மின்கசிவை உண்டாக்கும். ஐசோபுரோப்பைல் அல்ககோலால் கழுவி நன்றாக உலர்த்தி, சோதனை முழுதும் முடிந்தபின் அக்ரிலிக் பூச்சு அடியுங்கள். கனெக்டர்களை முதலே டேப்பால் மூடிக்கொள்ளுங்கள்.