ஐடி சப்போர்ட் வேலைக்கு வீட்டிலிருந்தே தயாராவது எப்படி?

கணினித் துறை என்றாலே நிரல் எழுதும் வேலைதான் என்று பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களில் பலர் நினைக்கிறார்கள். எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் உள்ள பெரிய அலுவலகங்களில், ஊழியர்களின் மடிக்கணினி, கடவுச்சொல், பிரிண்டர், இணைய இணைப்பு ஆகியவற்றைக் கவனிக்க ஐடி சப்போர்ட் பிரிவும் உண்டு. டிப்ளமோவோ பி.காமோ முடித்தவர்கள்கூட நுழையக்கூடிய இடம் அது. சுழற்சி முறையில் இரவுப் பணியும் வரலாம் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கணினி

8 ஜிபி ரேமும் (தற்காலிக நினைவகம்) எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பகம்) உள்ள பழைய மடிக்கணினியே போதும். 16 ஜிபி கிடைத்தால் நல்லது. பெங்களூரின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோட்டில் வாங்குவதானால், கடையிலேயே சார்ஜரைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். எல்லா விசைகளையும் அழுத்திப் பாருங்கள். உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். நிறுவனங்கள் கழித்துவிட்ட கணினிகளில் சில நேரம், கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை அமைப்பான பயோஸின் பழைய கடவுச்சொல் அப்படியே இருக்கும். ஆகவே பயோஸ் திரை திறக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

படி 2: துணிந்து பழுதாக்க ஓர் இடம்

விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், உங்கள் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை, அதாவது மெய்நிகர் கணினியை, உருவாக்கலாம். மைக்ரோசாஃப்ட் தரும் 90 நாள் சோதனைப் பதிப்பு விண்டோஸை அதில் ஏற்றி, 4 ஜிபி ரேம் ஒதுக்குங்கள். எல்லாம் சரியாக இயங்கும் நிலையில் ஒரு ஸ்நாப்ஷாட் (அந்த நிலையின் பதிவு) எடுத்துவிடுங்கள். அதன்பின் எதைக் கெடுத்தாலும் அந்த நிலைக்கே திரும்பிவிடலாம்.

படி 3: இணையம் வரவில்லை என்ற புகார்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கோளாறை எந்த வரிசையில் ஆராய்கிறீர்கள் என்பதைத்தான் இந்த வேலைக்கான நேர்காணலில் முக்கியமாகப் பார்ப்பார்கள்.

விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் திரையான கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். ஐபி முகவரி (வலையமைப்பில் உங்கள் கணினியின் எண்) 169.254 என்று தொடங்கினால், முகவரிகளை வழங்கும் ரவுட்டரின் டிஎச்சிபி சேவையிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளையும் வைஃபையையும் ரவுட்டரையும் பாருங்கள். முகவரி சரியாக இருந்தால், அதே திரையில் டீஃபால்ட் கேட்வே (வெளியே செல்லும் வழியான ரவுட்டர்) என்று காட்டும் எண்ணுக்குப் பிங் (ping), அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளையைக் கொடுங்கள். அங்கிருந்து பதில் வந்தால் கூகுளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங் கொடுங்கள். அதற்கும் பதில் வருகிறது, ஆனால் இணையதளத்தின் பெயரைத் தட்டினால் மட்டும் திறக்கவில்லை என்றால், பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சில அலுவலகங்களில் பிங்கையே தடுத்து வைத்திருப்பார்கள் என்பதால், பதில் வராததை மட்டும் வைத்து இணைப்பு அறுந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

இப்போது உங்கள் மெய்நிகர் கணினியில் டிஎன்எஸ் முகவரியை வேண்டுமென்றே தவறாக மாற்றி, மேற்சொன்ன வரிசையிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். பிறகு கேட்வேயை மாற்றிப் பாருங்கள். பல கணினிகளை இணைத்துப் பழக, சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்து வலையமைப்பைத் திரையிலேயே அமைத்துப் பார்க்கும் பாக்கெட் டிரேசர் மென்பொருளை இலவசமாகப் பெறலாம்.

பயனர் கணக்கு, கோப்பு அனுமதி, பிரிண்டர் ஆகியவற்றையும் இதே முறையில் கெடுத்துச் சரிசெய்து கற்கலாம். விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸின் அடிப்படைகளுக்கு மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன.

படி 4: டிக்கெட் எழுதுதல்

சரிசெய்த ஒவ்வொரு கோளாறையும் நான்கு வரிகளில் எழுதி வையுங்கள்: புகார் என்ன, நீங்கள் கண்டது என்ன, எவற்றைச் சோதித்தீர்கள், எதனால் சரியானது. அலுவலகத்தில் டிக்கெட், அதாவது புகார்ப் பதிவு, எழுதுவது ஏறத்தாழ இப்படித்தான். ஆங்கிலத்தில் எழுதுங்கள், எழுதியதை நண்பரிடம் வாய்விட்டு விளக்குங்கள். கன்னடம் பேச வந்தால் அதையும் விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள்.

படி 5: விண்ணப்பம்

டெஸ்க்டாப் சப்போர்ட், சர்வீஸ் டெஸ்க் ஆகிய பெயர்களில் வரும் வேலைகளைத் தேடுங்கள். தெரிந்த மென்பொருள்களின் பட்டியலைவிட, நீங்கள் தீர்த்த கோளாறுகளில் நல்லவை ஐந்தாறை விண்ணப்பத்தில் சுருக்கமாகக் காட்டுவதே எடுபடும். பயிற்சிக் கட்டணம், டெபாசிட், மடிக்கணினிக் காப்புத்தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அந்த இடத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். முறையான நிறுவனம் எதுவும் வேலை கொடுப்பதற்குப் பணம் கேட்பதில்லை.