நாங்க நடக்காத நடையா? மலைநாட்டுல இருக்குற நம்ம பண்ற சில தவறுகள்

இலங்கை மலைநாட்டுல, எங்க தேயிலைத் தோட்ட ஊரான கொட்டகலைப் பக்கம் யார்கிட்ட போயி "கொஞ்சம் நடங்க, மனசுக்கு நல்லது"ன்னு சொன்னாலும் ஒரே பதில்தான் வரும், "நாங்க நடக்காத நடையா, டவுனுக்குப் போகணும்னாலே குறுக்குல ஏறி இறங்கி முட்டி தேஞ்சு போச்சு, இதுல தனியா வேற நடக்கணுமாக்கும்". எங்க அம்மாவும் இதேதான் சொல்லுவாங்க. நானும் ரொம்ப நாள் அது சரின்னுதான் நெனச்சேன். நம்ம பக்கம் நடக்குற மொதல் தப்பே இதுதான்னு இப்ப தோணுது, வேலைக்காக ஒடம்பு அசையுறதையும் நம்மளுக்காக ஒடம்பு அசையுறதையும் ஒரே கணக்குல போட்டுடுறோம்.

அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன காலத்துல சாயங்காலம் மடுவத்துல, அதாவது கொழுந்து நிறுக்குற கொட்டகையில, எடை போட்டுட்டு வருவாங்க, இடுப்புல கட்டுற படங்குச் சாக்கக் கழட்டி ஆணியில மாட்டிட்டு இஸ்தோப்புத் திண்ணையில அப்படியே சாஞ்சிருவாங்க. முட்டிக்கு சித்தாலேப தைலம் தேய்க்கிற வாசம் காம்பரா அறை முழுக்க அடிக்கும். அந்த நேரம் யாராவது வாயத் தொறந்தா போச்சு, எரிஞ்சு விழுவாங்க. ராத்திரி தூக்கமும் கெடையாது, தகரத்துல மழை விழுற சத்தத்த கேட்டுக்கிட்டே புரண்டு புரண்டு படுப்பாங்க. காலையில இருந்து மலையில ஏறி எறங்குன மனுஷி, எக்சசைஸ் பண்ணா மனசு லேசாகும்னு சொல்றது உண்மையா இருந்தா தோட்டத்துலயே சந்தோஷமான ஆள் எங்கம்மாவா இல்ல இருக்கணும்?

இத ஆராய்ச்சி பண்ணவங்களும் கவனிச்சிருக்காங்க. ஓய்வு நேரத்துல தன் விருப்பத்துக்கு நடக்குறவங்க, வெளையாடுறவங்களுக்கு மனச்சோர்வு கொறைவா இருக்கு, ஆனா வேலைக்காக ஒடம்ப வருத்துறவங்ககிட்ட அந்தப் பலன் அதே மாதிரி தெரியல. காரணம் யோசிச்சா புரியும். இன்னைக்கு கிலோ வருமா, கொறைஞ்சா அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டுருவாங்களா, கங்காணி என்ன சொல்வாரோன்னு மனசு ஒரு பக்கம் ஓடிக்கிட்டே இருக்கு, தலையில பாரம் தொங்குது, இடுப்பு வலிச்சாலும் நிக்க முடியாது, மறுநாள் அந்த வலி ஆறுறதுக்குள்ள திரும்ப பிரட்டுக்கு, காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்குற எடத்துக்கு, ஓடணும். ஒடம்பு அசையுது, ஆனா மனசுக்கு அதுல ஒரு நிமிஷம் கூட சொந்தம் இல்ல.

அதுக்காக கொழுந்துக்குப் போயிட்டு வந்தவங்கள இன்னும் ஒரு ரவுண்டு ஓடச் சொன்னா அது கொடுமை, அப்படி யாராவது யூடியூப்ல சொன்னா நம்பாதீங்க. அவங்களுக்கு மொதல்ல ஓய்வு வேணும், அதுக்கப்புறம் பாரம் இல்லாத, கணக்கு இல்லாத ஏதாவது அசைவு. எங்க அம்மாவுக்கு அது கும்மியா வந்துச்சு. ஒரு வருஷம் கோயில் திருவிழாவுக்கு பொம்பளைங்க எல்லாரும் ராத்திரி கும்மி பழகுனாங்க, பகல் முழுக்க மலையில நின்ன அதே காலுதான், ஆனா பழகிட்டு வந்து பத்து மணிக்கு சிரிச்சுக்கிட்டே ரொட்டி சுடுவாங்க, நான் ஆச்சரியமா பாத்துருக்கேன்.

இதுக்கு நேர் எதிர் பக்கம் என்னை மாதிரி ஆளுங்க. கொழும்புல கடையில நின்னுட்டு ஊருக்குத் திரும்பி வந்து லேப்டாப்ல கணக்கு பதியுற வேலை பாக்குறேன். ஜூன், ஜூலைல எங்க பக்கம் மழை புடிச்சா விடாதுன்னு தெரியும்ல, ஜன்னல தொறந்தா பனி உள்ளுக்க வந்துரும், அதனால போர்வைக்குள்ள ஒக்காந்தே வேலை, வேலை முடிஞ்சதும் அதே போர்வைக்குள்ள ஃபோன். ஒரு நாள் ஃபோன்ல எத்தனை ஸ்டெப்னு பாத்தா 740 காட்டுது, அதுவும் பாதி பாத்ரூமுக்கு போயிட்டு வந்தது. அம்மாதான் "என்னடா மூஞ்சி செத்துப் போயி கெடக்கு"ன்னு கேட்டாங்க, நான் குளிர்னு சொல்லி சமாளிச்சேன்.

ஒக்காந்திருக்குறதுலயும் வித்தியாசம் இருக்கு, இத நெறைய பேர் கவனிக்கிறதில்ல. ஸ்வீடன்ல பல வருஷம் ஆளுங்கள பின்தொடர்ந்து பாத்த ஆய்வுகள்ல, மூளைக்கு வேலை இல்லாம சும்மா டீவி பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்குறவங்களுக்குத்தான் மனச்சோர்வு வர்ற வாய்ப்பு கூட இருந்துருக்கு, ஏதாவது யோசிச்சு செய்யுற வேலைல ஒக்காந்திருந்தவங்களுக்கு அந்த அளவு இல்ல. மழை நாள்ல நாலு பேர் சேந்து கேரம் அடிக்கிறதும், பாட்டி சுளகுல அரிசி பொடச்சுக்கிட்டே பக்கத்து வீட்டுக் கதை பேசுறதும், படுத்துக்கிட்டு ரெண்டு மணி நேரம் ரீல்ஸ் தள்ளுறதும் ஒண்ணு இல்ல. நான் பண்ணது மூணாவது.

அடுத்து "மூட் வரட்டும், அப்புறம் போறேன்". இதுலதான் நான் மாசக்கணக்குல மாட்டிக்கிட்டு கெடந்தேன். மனசு சோந்து போயிருக்கும்போது மூட் தானா வராது, ஏன்னா எதுலயும் ஆசை வராம இருக்குறதுதான் அந்த சோர்வோட லட்சணமே. மனநல டாக்டர்மார், கவுன்சலிங் பண்றவங்க இதத் தலைகீழா செய்யச் சொல்லுவாங்க, ஆசை இருக்கோ இல்லையோ மொதல்ல சின்னதா ஒரு காரியத்த செய், ஆசை பின்னாடி வரும். நான் ஆரம்பிச்சது தண்ணி புடிக்கிற பீலிக்கரை வரைக்கும்தான், வீட்டுல இருந்து நாலு நிமிஷம் கூட இருக்காது. மொத ஒரு வாரம் ஒண்ணும் மாறல, உண்மையச் சொன்னா எரிச்சல்தான் வந்துச்சு. ரெண்டாவது வாரம் போற வழியில ஒரு மாமா "என்ன தம்பி தினமும் இந்தப் பக்கம்"னு கேட்டு பேச்சு குடுத்தாரு, நடையோட சேத்து அந்தப் பேச்சுக்கும் போகணும்னு தோண ஆரம்பிச்சிருச்சு. தூக்கம்தான் மொதல்ல சரியாச்சு. காலை வெளிச்சம் கண்ணுல பட்டா ஒடம்புக்குள்ள இருக்குற கடிகாரம் ஒழுங்காகும்னு சொல்லுவாங்க, மேகமூட்டமா இருந்தாலும் லயத்து வீட்டுக்குள்ள எரியுற பல்ப விட வெளிய வெளிச்சம் பல மடங்கு கூடத்தான்.

ஒரேயடியா செய்யுறது இன்னொரு தப்பு. வருஷம் பூரா ஒக்காந்துட்டு சிவனொளிபாதமலை சீசன் வந்ததும் கூட்டாளிமாரோட கெளம்பி, 5000க்கு மேல படி ஒரே ராத்திரியில ஏறி, அடுத்த மூணு நாள் கால் வீங்கி சுவரப் புடிச்சுக்கிட்டு நடக்குறது. மலைக்குப் போறது நல்ல விஷயம்தான், சாமிக்காகப் போங்க, கூட்டாளிக்காகப் போங்க, ஆனா அத ஒரு வருஷத்து எக்சசைஸா எழுதாதீங்க.

எவ்வளவு போதும்னு கேட்டா, உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் ஓரளவு மூச்சு வாங்குற அளவு நடை. முன்னாடி ஒரு தடவைக்கு 10 நிமிஷமாவது சேந்தாப்புல செய்யணும்னு இருந்துச்சு, 2020ல அதையும் எடுத்துட்டாங்க, துண்டு துண்டா நடந்தாலும் கணக்குதான். 150ன்னதும் பயந்து விட்டுறாதீங்க. 2022ல 15 ஆய்வுகள, 1,90,000 பேருக்கு மேல, ஒண்ணா சேத்துப் பாத்ததுல அந்த அளவுல பாதி செஞ்சவங்களுக்கே, ஒண்ணுமே செய்யாதவங்கள விட, மனச்சோர்வு வர்ற வாய்ப்பு 18 சதவீதம் கொறைவா இருந்துச்சு, முழுசா செஞ்சவங்களுக்கு 25. பாதின்னா வாரத்துக்கு ஒண்ணேகால் மணி நேரம், ஒரு நாளைக்குப் பிரிச்சா பதினோரு நிமிஷம் கூட வராது. வெயிட் கொறையுதான்னு தராசுல ஏறிப் பாத்துட்டு, கொறையலன்னு நிறுத்திடுறவங்க இந்தக் கணக்க ஒரு தடவை யோசிங்க, தூக்கமும் மனசும் தராசுல தெரியாது.

பிள்ளைங்க விஷயம் இன்னும் மோசம். ஓ/எல், அதாவது பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை, வருஷம் வந்தா மொதல்ல பறிக்கிறது பேட்டையும் பந்தையும்தான், ஸ்கூல் விட்டா டியூஷன், டியூஷன் விட்டா புத்தகம், நடுவுல களவா ஃபோன். 5ல இருந்து 17 வயசு வரைக்கும் தினமும் சராசரியா 60 நிமிஷம் ஓடியாடணும்ங்குறதும் அதே 2020 வழிகாட்டல்லதான் இருக்கு. பரீட்சைக்கு முந்தின மாசம் பிள்ளை சாப்பிடாம, யாரோடயும் பேசாம அழுதுக்கிட்டு ஒக்காந்தா "படிப்புப் பயம்"னு விட்டுருவோம்.

கடைசியா ஒண்ணு, இதுல எனக்கு உண்மையிலேயே கோவம் வரும். மனசு ஒடைஞ்சு கெடக்குற ஒருத்தரப் பாத்து "எந்திரிச்சு நாலு எட்டு நடந்தா எல்லாம் சரியாயிரும், சும்மா படுத்துக்கிட்டு"ன்னு சொல்றது. அமெரிக்காவுல 1999ல வந்த ஒரு ஆய்வுல மனச்சோர்வு இருந்த 156 பேர, எல்லாரும் 50 வயசோ அதுக்கு மேலயோ, பிரிச்சு சில பேருக்கு எக்சசைஸ், சில பேருக்கு மாத்திரை, சில பேருக்கு ரெண்டும்னு 16 வாரம் குடுத்தாங்க, முடிவுல மூணு கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேறியிருந்துச்சு. இதக் கேட்டுட்டு மாத்திரைய நிறுத்துனவங்களும் இருக்காங்க. அந்த ஆய்வுல எக்சசைஸ் பண்ணவங்க கூட்டமா சேந்து, பக்கத்துல ஆள் நின்னு பாத்துக்கிட, வாரத்துக்கு மூணு நாள் பண்ணாங்க, தனியா விட்டுட்டு ஏசல. மாத்திரை எடுக்குறவங்க டாக்டர்கிட்ட கேக்காம நிறுத்தாதீங்க, நடக்குறத அதோட சேத்துக்கங்க. சாகணும்னு பேசுற ஆள நடக்கக் கூட்டிட்டுப் போறதோட விட்டுறாதீங்க, பக்கத்துலயே இருங்க, இலங்கையில தேசிய மனநல நிறுவனத்தோட 1926க்கு ஃபோன் பண்ணுங்க.

நடக்க எடம் இல்லன்னு சொல்றவங்களுக்கும் நியாயம் இருக்கு, குளவி, சிறுத்தை, இருட்டு, பொம்பளைப் பிள்ளை தனியா நடந்தா ஊர் வாய் வேற. அதனால தேயிலைக்குள்ள குறுக்குல போகாம ரோட்டுலயே போங்க, நல்லா விடிஞ்சப்புறம் போங்க, ரெண்டு மூணு பேரா போங்க. எங்க அம்மா வேலைய விட்டப்புறம் ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவோட கோயில் வரைக்கும் போயிட்டு வர்றாங்க, கையில கூடை இல்லாம நடக்கக் கூச்சமா இருக்குன்னு மொத நாள் ஒரு சும்மா பையத் தூக்கிட்டுப் போனாங்க. மழை நாள்ல போறவங்க காலுக்கு சவுக்காரத்த, அதான் சோப்ப, கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சுக்கிட்டுப் போங்க, அட்டை அவ்வளவா ஏறாது.