வெங்காய வேரில 32 கண்டவுடனே புற்றுநோய் எண்டு எழுதாதீங்க

போன கிழமை வெங்காய வேர்நுனியைப் பாத்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை நுணுக்குக்காட்டியில இருந்து தலையை எடுத்து "மிஸ், இதில 32 நிறமூர்த்தம் (குரோமோசோம்) கிடக்கு, புற்றுநோய்க் கலம்தானே" எண்டு கேட்டா. நானும் முதல் வருசத்தில இதே வெங்காயத்தில 32 எண்ணி இதே வசனத்தை றிப்போட்ல எழுதினனான். சாயம் கூடிப்போறது, சிலைட் சரியா நசியாதது எல்லாம் செய்யச் செய்ய சரிவரும், அதுகளை விடுறன். மற்றப் பிழையளை மட்டும் சொல்றன்.

கொல்கிசின்ல வேரை மறந்து விடுறது

வெங்காயத்துக்கு 16தான். கொல்கிசின் எங்கட மட்டக்களப்பு வேலியில படருற கார்த்திகைப் பூக் கிழங்கில இருக்கிற அதே நஞ்சு, நிறமூர்த்தத்தை இழுக்கிற கதிர் நார்களைக் கட்ட விடாது. நார் பிடிக்காத நிறமூர்த்தம் "பொறு, இன்னும் பிரியாத" எண்டு சிக்னல் குடுக்கும், மேட்2 எண்ட புரதம் போய், பிரியவிடுற சிடிசி20 எண்ட புரதத்தைப் பிடிச்சு வச்சிருக்கும், அது விடுபடும் வரைக்கும் ரெண்டு அரைநிறவுருவையும் (ஒரு நிறமூர்த்தத்தின்ர ரெண்டு பிரதியையும்) சேத்து வச்சிருக்கிற கட்டு அறாது. ரெண்டு மூணு மணித்தியாலத்தில வேரை எடுத்தா அப்பிடிக் காத்து நிக்கிற 16ஐயும் வடிவா எண்ணலாம், மருந்து போடுறதே அதுக்குத்தான். ஒரு நாள் முழுக்க விட்டா கலத்தைப் பிரிவில பிடிச்சு வச்சிருக்கிற சைக்ளின் பி எண்ட புரதம் மெல்ல மெல்லக் குறைஞ்சு, கலம் பிரியாமலே பிரிவில இருந்து வெளிய வந்திடும், ரெண்டு பங்கும் ஒரே கருவுக்குள்ள. அடுத்த பிரிவில 32. இல்ல மகள், அது மருந்து செய்த வேலை.

எனக்கு இப்பவும் கோவம் வாறது அந்த வீக்கத்தால. வேர்நுனி தீக்குச்சித் தலை மாதிரிப் பருத்திருக்கும், அதுக்கு ஆரோ 'சி-ட்யூமர்' எண்டு பேரும் வச்சிட்டாங்கள், பிள்ளையள் பேரைப் பாத்து 'கட்டி உருவானது' எண்டு எழுதுதுகள். கலங்கள் நீளாமப் பக்கவாட்டில பருத்திருக்கு, அவ்வளவுதான். மனுசக் கலம் இப்பிடி ரெட்டிச்சா பி53 எண்ட காவல் புரதம் அதைப் பிரியவிடாம மறிக்கும். பி53 பழுதான கலம்தான் தொடர்ந்து பிரிஞ்சு, நிறமூர்த்தங்களைக் கண்டபடி பங்குபோட்டு, கட்டிக்கு வழிவிடும். வெங்காயத்துக்கு பி53 ஏ இல்லை! அந்தப் பிள்ளைக்கு பத்து நாள் வேலையும், கொழும்பில இருந்து எடுப்பிச்ச கொல்கிசினும் போச்சு.

எண்ணிக்கை மாறினா புற்றுநோய்

மனுசருக்கு வழமையா 46 நிறமூர்த்தம், டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு 47. சின்ன வயசில ரத்தப் புற்றுநோய் வாற ஆபத்து மற்றப் பிள்ளையளை விடக் கூட, ஆனா மார்பகப் புற்றுநோய் மாதிரியான கட்டிகள் அவங்களுக்குக் குறைவு. ஒரு வரியில முடிக்கிற கதை இல்லை இது.

46 இருந்தாப் பயமில்லை

இருக்கு. ஒரு வகை ரத்தப் புற்றுநோயில 1960 இல கண்டுபிடிச்ச பிலடெல்பியா நிறமூர்த்தத்தை எடுங்க, எண்ணினா 46 வரும். 9ஆம் 22ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாத்திக்கொண்டதால பிறக்கிற பிசிஆர்-ஏபிஎல் புரதம் 'பிரி, பிரி' எண்டு ஓயாம சிக்னல் குடுத்துக்கொண்டே இருக்கும்.

கையுறை போடாமக் கொல்கிசின் தொடுறது

தொடாதீங்க.

ஒரு கலத்தை எண்ணிட்டு முடிவு எழுதுறது

மனுசருக்கு 48 எண்டு பெரிய ஆக்களே நம்பிக்கொண்டிருந்தவங்க, 46 எண்டு சரியா வந்தது 1956 இல. நான் இப்ப 20 கலம் கேக்கிறன், ஒவ்வொண்டையும் கீறி நம்பர் போட்டுக் காட்டினாத்தான் றிப்போட்ல கையெழுத்து.