மினி பைக்கில் முதல் செலவு எங்கே?

அமெரிக்காவில் பெட்டியில் அடைத்து விற்கும் 196 சிசி மினி பைக்கை வாங்கியதும் பலர் முதலில் கை வைப்பது கவர்னரில்தான். அவசரப்பட வேண்டாம். எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3600 சுற்றுகளைத் தாண்டாமல் காப்பது அதுதான். அதைக் கழற்றினால் வேகம் கூடும்; எஞ்சினோடு சுழலும் கனமான வார்ப்பிரும்புச் சக்கரமான ஃப்ளைவீல் அந்த வேகம் தாங்காமல் சிதறினால், அது இருப்பது உங்கள் கால்களுக்கு நடுவே.

காட்டுப் பாதையில் தேவை வேகமன்று, இழுவை. மேட்டில் மெதுவாக ஏறும்போது கருகல் வாசனை வருகிறதா? கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிச் சூடேறுகிறது. கவர்னரில் கை வைக்கச் செலவழிக்கும் பணத்துக்குப் பின்சக்கரத்தில் பெரிய ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மாட்டுங்கள். இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் டார்க் கன்வெர்ட்டர். நம் ஊர் ஸ்கூட்டரில் இருப்பது போன்ற பெல்ட் அமைப்புதான். மேட்டில் தானே கியர் குறைத்துக்கொள்ளும்.

பெரும்பாலும் பின்பக்கம் ஷாக் அப்சார்பர் கிடையாது. பருத்த டயர்தான் மெத்தை. காற்றைச் சிறிது குறைத்தால் முதுகு பிழைக்கும். அளவு மீறினால் டயர் ரிம்மை விட்டு நழுவும்.

முதல் சவாரிக்கு முன் ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பானரால் தொட்டுப் பாருங்கள். போல்ட் அதிர்வில் கழலாமல் பிடிக்கும் பசையான நீல திரெட்லாக்கர் ஒரு சொட்டு போதும். சைலன்சர் போல்ட்டுக்கு அது உதவாது, சூட்டில் இளகிவிடும். புதிய எஞ்சினின் முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிடுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் உலோகத்தூள் மினுங்கும்.

தேசிய வனப்பகுதிக்குள் ஓட்டுவதானால் சைலன்சரில் தீப்பொறித் தடுப்பு வலை கட்டாயம்.